நினைவகம் இல்லாத சிந்தசைசர்கள்: ஓர் ஒலியை எப்படிக் குறித்து வைத்து மீண்டும் அடைவது?

வெண்குமிழ் (இழையைத் தொடங்கியவர்)

1970-இல் வந்த மினிமூக் மாடல் டி-யின் அமைப்பைப் பின்பற்றும் ஒற்றைக்குரல் (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும்) சிந்தசைசர் ஒன்றை வாசித்து வருகிறேன். அலையை உண்டாக்கும் மூன்று ஆசிலேட்டர்கள், அதை வடிகட்டும் ஒரு லேடர் ஃபில்டர், ஃபில்டரும் ஒலியளவும் ஏறி இறங்கும் விதத்தை வகுக்கும் இரண்டு என்வலப்கள் அதில் உண்டு. ஒலிகளைச் சேமிக்கும் நினைவகம் மட்டும் கிடையாது. அந்த இல்லாமையை நான் குறையாகக் கருதவில்லை. முகப்பலகையில் கண்ணுக்குத் தெரிவதுதான் காதில் விழுகிறது என்ற நேர்மை இவ்வகைக் கருவிகளுக்கே உரியது என்பதால் இதை மாற்றும் எண்ணமும் எனக்கில்லை.

ஆனாலும் நன்றாக அமைந்த ஓர் ஒலியை நிகழ்ச்சிக்கு முன் ஐந்து நிமிடங்களில் திரும்பக் கொண்டுவர முடிய வேண்டும். தற்போது வெற்றுப் பேட்ச் தாளில் (முகப்பலகையின் படம் அச்சிட்ட தாள்) ஒவ்வொரு குமிழின் நிலையையும் பென்சிலால் வரைந்துகொள்கிறேன். கூடவே முகப்பலகையைக் கைபேசியில் படமெடுத்தும் வைக்கிறேன். பிறகு அவற்றைப் பார்த்துக் குமிழ்களைத் திருப்பினால் ஒலி நெருங்கி வருகிறதே தவிர, அதே ஒலியாக வருவதில்லை. குறிப்பாகத் தாழ்ந்த ஸ்வரங்களின் கனம் குறைந்துவிடுகிறது. இரண்டு ஆசிலேட்டர்களுக்கு இடையிலான அசைவும் வேறு வேகத்தில் அமைந்துவிடுகிறது. இதைவிடத் துல்லியமாகக் குறித்து வைக்கும் முறை உண்டா? அந்தக் குறிப்பைக் கொண்டு வேறொருவர் அதே மாதிரிக் கருவியில் அந்த ஒலியை அமைக்க முடியுமானால் இன்னும் நல்லது.

தாழ்வடிகட்டி

நண்பரே, குமிழ்களின் நிலையைக் குறித்து வைப்பதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது என்பது என் கருத்து. குறித்து வைக்க வேண்டியது, அந்தக் குமிழ் ஒலியில் என்ன செய்திருக்கிறது என்பதை.

காரணத்தைச் சொல்கிறேன். சாதாரண பொட்டென்சியோமீட்டர் (குமிழின் அடியில் உள்ள மாறு மின்தடை) ஒன்று ஏறத்தாழ 300 பாகை சுழலும். ஃபில்டர் எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டுகிறது என்பதை மாற்றும் கட்டாஃப் குமிழ் அந்த 300 பாகைக்குள் பத்து ஸ்தாயிகளைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செண்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு; பத்து ஸ்தாயி என்பது 12,000 செண்ட். ஆகவே ஒரு பாகைக்கு 40 செண்ட். பென்சில் கோட்டில் ஐந்து பாகைப் பிழை வருவது மிக இயல்பு. அந்த ஐந்து பாகை, கட்டாஃபை இரண்டு அரைஸ்வரங்கள் நகர்த்திவிடும். ஆசிலேட்டர் குமிழில் சிக்கல் இதற்கும் மேலே. மினிமூக்கில் இரண்டாம், மூன்றாம் ஆசிலேட்டர்களின் சுருதிக் குமிழ்களுக்கு -7 முதல் +7 வரை அளவுகோல் இருக்கிறது. அதாவது ஏறத்தாழ 14 அரைஸ்வரங்கள் ஒரே சுற்றுக்குள் அடங்கியிருக்கின்றன. ஒரு பாகைக்கு நான்கு, ஐந்து செண்ட் வருகிறது. நீங்கள் கேட்கும் அந்த அசைவு முழுவதுமே பெரும்பாலும் பத்து செண்டுக்குள் நடப்பது. எந்தப் பேட்ச் தாளாலும் அதைக் காட்ட முடியாது.

புகைப்படத்திலும் இதே குறை உண்டு. குமிழின் மேலுள்ள வெள்ளைக் கோடு, பலகையில் அச்சிட்ட எண்களுக்குச் சில மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கைபேசியை மிக அருகில் வைத்துப் படமெடுத்தால், நடுவில் உள்ள குமிழ்கள் சரியாகத் தெரியும். ஓரத்தில் உள்ளவை சாய்ந்து வேறு எண்ணைக் காட்டும். முடிந்த அளவு தள்ளி நின்று, பலகைக்கு நேர்ச்செங்குத்தாகப் பிடித்து, பெரிதாக்கி எடுத்தால் இந்தப் பிழை குறையும். இன்னொன்று, மினிமூக் அமைப்பில் கிளைடு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்குவது) சுவிட்சும் டிக்கே (உச்சத்திலிருந்து தேய்வது) சுவிட்சும் முகப்பலகையில் இல்லை; விசைகளுக்கு இடப்புறம், சக்கரங்களின் அருகில் இருக்கின்றன. அக்கருவியில் ரிலீஸுக்கு, அதாவது விசையை விட்டபின் தேயும் நேரத்துக்கு, தனிக் குமிழ் கிடையாது. விசையை விட்டபின் ஒலி உடனே நிற்குமா, டிக்கே நேரத்தின்படி தேயுமா என்பதை அந்த டிக்கே சுவிட்சே முடிவு செய்கிறது. முகப்பலகையை மட்டும் படமெடுப்பவர்களின் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

இனி கட்டாஃபை அளக்கும் வழியைச் சொல்கிறேன். ஒலி பிடித்த மாதிரி அமைந்தபின், முதலில் ரெசொனன்ஸ் (கட்டாஃபுக்கு அருகே உள்ள ஒலியைத் தூக்கிக் காட்டுவது) குமிழும் ஃபில்டர் என்வலப்பின் அளவுக் குமிழும் இருக்கும் இடங்களைப் பெயர்க்கக்கூடிய சிறு ஒட்டுத்தாளால் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிலேட்டர்களைக் கலக்கும் மிக்ஸரில் அவை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். என்வலப் அளவைச் சுழியமாக்கி, ரெசொனன்ஸை முழுவதும் ஏற்றுங்கள். லேடர் ஃபில்டர் தானாகவே ஒலிக்கத் தொடங்கும். ஏறக்குறைய சைன் அலை போன்ற தூய ஸ்வரமாக அது இருக்கும். அதை ட்யூனரில் படித்து, ‘கட்டாஃப் 220 ஹெர்ட்ஸ்’ என்பதைப் போல எழுதிக்கொள்ளுங்கள். விசையைப் பின்தொடரும் (அழுத்தும் விசைக்கேற்பக் கட்டாஃபை நகர்த்தும்) சுவிட்சுகள் எந்த நிலையில் இருந்தன, எந்த விசையை அழுத்திப் படித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லையென்றால் அந்த எண்ணால் பயனில்லை.

அதே நிலையில் என்வலப் அளவையும் படித்துவிடலாம். ஃபில்டர் என்வலப்பின் சஸ்டெய்னை (விசையைப் பிடித்திருக்கும்வரை நிற்கும் அளவு) முழுவதும் ஏற்றி, அளவுக் குமிழை ஒட்டுத்தாள் காட்டும் இடத்திற்குத் திருப்பி, விசையைப் பிடித்தபடி இருங்கள். ஃபில்டரின் ஸ்வரம் ஏறி ஓரிடத்தில் நிற்கும். முதலில் 110 ஹெர்ட்ஸ் இருந்தது 880-இல் நின்றால் என்வலப் அளவு சரியாக மூன்று ஸ்தாயி. ‘குமிழ் ஆறரையில்’ என்ற குறிப்பை மற்றொரு கருவிக்குக் கொண்டுபோக முடியாது. ‘மூன்று ஸ்தாயி’ என்பதைக் கொண்டுபோகலாம். பொட்டென்சியோமீட்டர்களின் தயாரிப்பு வேறுபாடு 20 சதவீதம் வரை அனுமதிக்கப்படுவது சாதாரணம் என்பதால், ஒரே மாதிரியின் இரண்டு கருவிகளில் ஒரே எண் ஒரே ஒலியைத் தரும் என்று எதிர்பார்க்கவே கூடாது.

மூன்றலை

மேலே உள்ள பதிவோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆசிலேட்டர்களைப் பற்றி நான் சேர்க்க வேண்டியது இருக்கிறது.

இரண்டு ஆசிலேட்டர்களுக்கு இடையிலான விலகலைச் செண்டில் எழுதுவதைவிட விம்மல்களை எண்ணி எழுதுவது எளிது. காதுக்கும் அதுவே நெருக்கம். ஃபில்டரைத் திறந்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட விசையைப் பிடித்து, பத்து விநாடிகளில் எத்தனை முறை ஒலி ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 220 ஹெர்ட்ஸில் விநாடிக்கு ஒரு விம்மல் என்றால் விலகல் ஏறத்தாழ 8 செண்ட். அதே ஒரு விம்மல் 110 ஹெர்ட்ஸில் கேட்டால் விலகல் ஏறத்தாழ 16 செண்ட். ஆகவே எந்த விசை என்று எழுதாமல் விம்மலை மட்டும் எழுதக் கூடாது. இரண்டாவது ஆசிலேட்டர் முதலாவதற்கு மேலே விலகியிருக்கிறதா, கீழேயா என்பதை விம்மல் சொல்லாது. அதையும் தனியாகக் குறிக்க வேண்டும். மூன்று ஆசிலேட்டர்கள் ஒன்றாக ஒலிக்கும்போது விம்மல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்பதால் மூன்றாவதை அணைத்துவிட்டு முதல் இரண்டை எண்ணுங்கள். பிறகு இரண்டாவதை அணைத்துவிட்டு முதலாவதையும் மூன்றாவதையும் எண்ணுங்கள்.

ஆசிலேட்டர்கள் ஒரு ஸ்தாயி இடைவெளியில் இருந்தாலும் இந்த முறை செல்லும். தாழ்ந்த ஆசிலேட்டரின் இரண்டாம் ஹார்மோனிக்கும் (அதன் அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கு) உயர்ந்ததன் அடிப்படை அதிர்வெண்ணும் மோதுவதால் விம்மல் கேட்கும். ஆனால் சதுர அலையில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் கிடையாது. தாழ்ந்த ஆசிலேட்டர் சதுர அலையில் இருந்தால், எண்ணி முடிக்கும்வரை அதை ரம்ப அலைக்கு மாற்றிக்கொண்டு, பிறகு திரும்ப மாற்றுங்கள்.

இவையெல்லாம் கருவி சூடேறி நிலைபெற்ற பிறகே பொருள்படும். அனலாக் ஆசிலேட்டரில் மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் பகுதி டிரான்சிஸ்டரின் அடுக்குக்குறித் தன்மையை நம்பி இருக்கிறது. அந்தத் தன்மை வெப்பநிலையோடு சேர்ந்து மாறும். ஈடுசெய்யாமல் விட்டால், அறை வெப்பநிலைக்கு அருகில் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம் அளவு விலகும். ஐந்து ஸ்தாயி தள்ளி வாசிக்கும்போது அது 20 செண்ட் ஆகிறது. நல்ல கருவிகளில் இதற்கு எதிராக மாறும் மின்தடையை வைத்து ஈடுசெய்கிறார்கள். என்றாலும் மின்சாரம் கொடுத்த உடனே உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் எந்த அளவும் நிலையானதல்ல. குறிப்பு எழுதும்போதும் சரி, குறிப்பைப் பார்த்து அமைக்கும்போதும் சரி, கருவியை அரை மணி நேரமாவது முன்னதாக இயக்கி வையுங்கள்.

வெண்குமிழ்

இருவருக்கும் நன்றி. விம்மலை எண்ணும் முறை நான் கேட்ட அந்த அசைவுக்கு நேரடியான விடையாக இருக்கிறது. இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. தாழ்ந்த ஸ்வரங்களின் கனம் ஏன் குறைகிறது? எல்லா ஃபில்டர்களும் தானாக ஒலிப்பதில்லையே, அப்படி ஒலிக்காத ஃபில்டர் உள்ள கருவிகளில் கட்டாஃபை எப்படி அளப்பது?

தாழ்வடிகட்டி

கனம் குறைவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ரெசொனன்ஸை. லேடர் ஃபில்டரில் ரெசொனன்ஸை ஏற்றும்போது கட்டாஃபுக்குக் கீழே உள்ள பகுதியின் அளவு இறங்கும். அதன் இயல்பே அது. ரெசொனன்ஸ் குமிழ் சிறிது மேலே போயிருந்தாலும் அடிப்பகுதி மெலிந்துவிடும். இதைக் குறிப்பதற்கு நான் பயன்படுத்தும் முறை, ஃபில்டர் தானாக ஒலிக்கத் தொடங்கும் எல்லையைக் கண்டுபிடித்து, அந்த எல்லையிலிருந்து எவ்வளவு கீழே என்று எழுதுவது. எல்லை எந்த எண்ணில் வருகிறது என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். எல்லைக்குக் கீழே ஒன்றரைப் பிரிவு என்பது ஓரளவு எங்கும் ஒத்துப்போகும்.

இரண்டாவதாக மிக்ஸர். இவ்வமைப்பில் மிக்ஸர் குமிழ்களை ஒலியளவுக் குமிழ்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அளவை உயர்த்த உயர்த்த ஃபில்டரின் உள்ளீடு நிறைந்து, அலை மெல்ல உருமாறி, ஒலி தடிக்கிறது. மூன்று ஆசிலேட்டர்களும் எட்டில் இருப்பதும் ஐந்தில் இருப்பதும் இருவேறு ஒலிகள்; இறுதி ஒலியளவைச் சமன் செய்தாலும் அவை ஒன்றாகா. சிலர் ஒலிபெருக்கிக்குப் போகும் வெளியீட்டைத் தவிர மற்றொரு வெளியீட்டிலிருந்து வெளி உள்ளீட்டுக்கு ஒரு கேபிளைச் செருகி, இந்தத் தடிப்பை மேலும் கூட்டுவார்கள். அப்படிச் செய்திருந்தால் அந்தக் கேபிள் கருவியின் பின்புறம் இருக்கும், படத்தில் வராது.

தானாக ஒலிக்காத ஃபில்டருக்கு வருகிறேன். ஓர் ஆசிலேட்டரை ரம்ப அலையில் வைத்து, தாழ்ந்த விசை ஒன்றைப் பிடியுங்கள். 55 ஹெர்ட்ஸ் வசதியாக இருக்கும். ரெசொனன்ஸை அந்தக் கருவி அனுமதிக்கும் உச்சத்திற்கு ஏற்றி, கட்டாஃபை அடியிலிருந்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு ஹார்மோனிக்காகத் தனித்தனியே எழுந்து ஒலிப்பதைக் கேட்கலாம். ஒட்டுத்தாள் குறித்த இடத்தில் எத்தனையாவது ஹார்மோனிக் ஒலிக்கிறது என்று எண்ணிவிட்டால் கட்டாஃப் கிடைத்துவிட்டது: ஆறாவது என்றால் 330 ஹெர்ட்ஸ், எட்டாவது என்றால் 440. பன்னிரண்டாவதற்கு மேல் ஹார்மோனிக்குகள் மிக நெருங்கிவிடுவதால், அங்கே உயர்ந்த விசையைப் பிடித்து அதே வேலையைச் செய்ய வேண்டும்.

கம்பிவலை

கேபிள் செருகும் கருவிகளைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. 1971-இல் வந்த ஆர்ப் 2600, 1978-இல் வந்த கோர்க் எம்எஸ்-20 போன்றவை அரை மாடுலர் கருவிகள். உள்ளிணைப்புகளோடு வருவதால் ஒரு கேபிள்கூட இல்லாமலேயே ஒலிக்கும். ஆனால் சில துளைகளில் செருகியைச் செருகிய உடனே அங்கே ஏற்கனவே இருந்த உள்ளிணைப்பு அறுந்துவிடும். ஆகவே எந்தக் கேபிள் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதுவது பாதி வேலைதான். எந்த உள்ளிணைப்பை அறுப்பதற்காக அது செருகப்பட்டது என்பதும் குறிப்பில் வேண்டும். மறுமுனை எதிலும் செருகப்படாமல், உள்ளிணைப்பைத் துண்டிப்பதற்காக மட்டுமே வைக்கப்பட்ட செருகிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். படத்தில் அவை மறந்துபோன கேபிள்களாகத் தோன்றும்.

படத்தை நம்பி கேபிள் வலையை மீட்பது கடினம். ஒன்றின் மேல் ஒன்று விழும் கேபிள்களின் நடுப்பகுதி மறைந்துவிடும். நான் எழுத்தில்தான் குறிக்கிறேன்: முதலில் ஒலி செல்லும் பாதை, அடுத்து சுருதியைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தம், அடுத்து தொடக்கச் சமிக்ஞைகள், கடைசியில் அசைவு தருபவை. ஒவ்வொரு வரியிலும் புறப்படும் துளை, சேரும் துளை, இடையில் உள்ள அளவுக்குமிழ் ஆகிய மூன்றும் இருக்கும். ஒலிப்பாதையை முதலில் செருகினால் கருவி உடனே ஒலிக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு செருகும் ஒவ்வொரு கேபிளும் சரியா தவறா என்பதைக் காதே சொல்லிவிடும். கேபிள்களின் நிறத்தை இந்த நான்கு வகைகளுக்கும் நிரந்தரமாகப் பங்கிட்டு வைத்துக்கொண்டால் படமும் ஓரளவு பயன்படும்.

இந்த விஷயத்தில் மிகவும் தெளிவான கருவி என்றால் 1969-இல் வந்த இஎம்எஸ் விசிஎஸ்3-ஐச் சொல்வேன். அதில் கேபிளுக்குப் பதிலாக 16-க்கு 16 துளைகள் கொண்ட ஓர் அணிப்பலகை இருக்கிறது. வரிசைகளுக்கு எண், நிரல்களுக்கு எழுத்து. எந்தத் துளையில் ஊசி என்பதை ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொண்டு எழுதிவிடலாம். ஒரு முழு இணைப்பும் ஒரே வரிக்குள் அடங்கிவிடும். ஆனால் ஊசிகளுக்குள் மின்தடை உண்டு. அதன் மதிப்பை ஊசியின் நிறம் காட்டுகிறது. நிறத்தை எழுதாமல் விட்டால் சமிக்ஞையின் அளவு மாறிவிடும்.

குமிழ் நிலையையே பொருளாக மாற்றிச் சேமித்த வடிவமைப்பாளர்களும் உண்டு. 1973-இல் வந்த பியூக்லா மியூசிக் ஈசலுக்கு நிரல் அட்டைகள் இருந்தன. ஓர் ஒலிக்குத் தேவையான மின்தடைகளை அந்த அட்டையில் பற்றவைத்து, கருவியில் செருகினால் அந்த ஒலி வரும். யமஹா சிஎஸ்-80-இல் பயனரின் நான்கு ஒலிகளுக்கு ஒரு மூடியின் கீழ் முகப்பலகையின் நான்கு சிறு நகல்கள் இருந்தன. முகப்பலகையின் அமைப்பை அந்தக் குட்டி ஸ்லைடர்களில் கையாலேயே திரும்ப அமைக்க வேண்டும். எண்ணாக மாற்றாமலேயே நினைவகம் செய்யும் அந்த முயற்சியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பதிவறை

இழையை முழுவதும் படித்தேன். மாறுபட்ட கருத்து ஒன்றை வைக்க விரும்புகிறேன். இத்தனை உழைப்பும் அமைப்பைக் காப்பதற்காகச் செலவாகிறது. ஆனால் கேட்பவருக்கு வேண்டியது ஒலி. நினைவகம் இல்லாத கருவியில் நல்ல ஒலி அமைந்தால், அதை அப்போதே இரண்டு அரைஸ்வரங்களுக்கு ஒன்று வீதம் பதிவு செய்து, பதிவுகளை விசைகளால் ஒலிக்கவைக்கும் சாம்ப்ளரில் ஏற்றிவிடுவது என் வழக்கம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் நான்கு முறை பதிவு செய்து, அவை மாறி மாறி ஒலிக்கும்படி வைத்தால் இயந்திரத்தனமும் குறையும்.

பயனருக்கு நினைவகம் வேண்டும் என்பதை 1978-இல் வந்த ப்ராஃபெட்-5 சிந்தசைசர் நிரூபித்துவிட்டது. ஐந்து குரல்கள், நாற்பது ஒலிகளுக்கு இடம். ஒவ்வொரு குமிழின் நிலையையும் நுண்செயலி படித்து எண்ணாக வைத்துக்கொள்கிறது. ஒலியை அழைக்கும்போது அந்த எண்கள் மின்னழுத்தமாகி ஒலிச்சுற்றுக்குப் போகின்றன. நினைவகம் இல்லாத கருவியில் குமிழ் ஒலிச்சுற்றின் உள்ளேயே இருக்கிறது; அதன் நிலையைப் படிக்க அங்கே எதுவும் இல்லை. அந்தக் கருவியிடம் இல்லாத ஒன்றைத் தாளாலும் ட்யூனராலும் ஈடுசெய்வது வீண்வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றலை

பதிவறை நண்பருக்கு: முடிந்துபோன பாடலுக்காக என்றால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அங்கே ஒலிப்பதிவே போதும், அமைப்பு தேவையில்லை. வாசிப்புக்கு அது போதாது. மினிமூக் அமைப்பில் ஒரு விசையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் என்வலப் மீண்டும் தொடங்காது. இரண்டு விசைகள் ஒன்றாக அழுந்தியிருந்தால் தாழ்ந்ததே ஒலிக்கும். அந்தக் கருவியில் விரல்கள் கற்றுக்கொள்ளும் கமகங்களும் தாவல்களும் இந்த இரண்டு விதிகளின் மேல் எழுந்தவை. தனித்தனி ஸ்வரங்களாகப் பதிவு செய்த சாம்ப்ளில், முந்தைய ஸ்வரத்தின் என்வலப் எந்த இடத்தில் இருந்தது என்ற செய்தி இல்லை. வாசிக்கும் கையால் கட்டாஃபை நகர்த்துவதும் அங்கே முடியாது. சாம்ப்ளரின் ஃபில்டரை நகர்த்தினால் ஏற்கனவே வடிகட்டியதை இன்னொரு முறை வடிகட்டுவதாகத்தான் முடியும்.

நினைவகம் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1982-இல் ரோலண்ட் ஜூனோ-6, ஜூனோ-60 இரண்டும் வந்தன. ஒலியில் மிக நெருங்கிய அவற்றுக்கு இடையே முதன்மையான வேறுபாடு, ஜூனோ-60-இல் 56 ஒலிகளைச் சேமிக்கலாம் என்பதே. ஆனால் சேமித்த ஒலியை அழைத்த உடனே அதன் ஸ்லைடர்கள் காட்டுவதும் காதில் விழுவதும் வேறு வேறாகிவிடும். தவிர, அக்காலக் கருவிகளின் நினைவகம் உள்ளே இருந்த ஒரு பேட்டரியை நம்பி இருந்தது. பேட்டரி தீர்ந்தால் ஒலிகளும் போயின. அதனால்தான் கேசட்டில் பதிவு செய்து வைக்கும் வசதியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எழுதி வைத்த தாளுக்கு அந்த ஆபத்து இல்லை.

உங்கள் முறையில் ஒரு பகுதி எல்லோருக்கும் தேவையானது, அதை வலியுறுத்த விரும்புகிறேன்: குறிப்போடு ஓர் ஒலிப்பதிவும் கட்டாயம் இருக்க வேண்டும். எதிரொலியும் கோரஸும் இல்லாமல், கருவியிலிருந்து நேராக. ஒரே விசையை மூன்று ஸ்தாயிகளில் பிடித்து, நான்கு நான்கு விநாடிகள். பிறகு அதே விசைகளைச் சுருக்கமாகத் தட்டி. பிறகு அந்த ஒலிக்காகவே அமைந்த சொற்றொடர் ஒன்று. அமைத்து முடித்தபின் பழையதையும் புதியதையும் ஒரே அளவில் மாற்றி மாற்றிக் கேட்டால், குறிப்பில் விடுபட்டது எது என்று தெரிந்துவிடும். என்வலப்பின் நேரங்களையும் அந்தப் பதிவின் அலைவடிவத்தில் மில்லிவிநாடியில் அளந்துகொள்ளலாம். அட்டாக், தொடக்கத்திலிருந்து உச்சம் வரை. டிக்கே வளைவாகத் தேய்வதால் அதற்கு முடிவுப் புள்ளி தெளிவாக இருக்காது. உச்சத்தின் பாதியளவுக்கு இறங்க எவ்வளவு நேரம் என்று எழுதுவது நல்லது.

பதிவறை

என்வலப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். விசையை விடாமல் வாசிக்கும் ஒலிகளுக்குச் சாம்ப்ள் உதவாது. தாளமாகத் தட்டும் பேஸ் ஒலிகளுக்கும் தனித்த விளைவொலிகளுக்கும் என் முறையையே தொடர்வேன்.

மேடைவிசை

மேடையில் வாசிப்பவர் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே கூறப்பட்ட அளவீடுகள் அனைத்தும் ஒத்திகைக்கும் பதிவுக்கும் பொருந்தும். இரண்டு பாடல்களுக்கு இடையில் ட்யூனரைப் பார்த்துக் கட்டாஃபைப் படிக்க நேரம் இராது. ஆகவே நான் ஒலிகளைத் தேர்ந்தெடுப்பதிலேயே இந்தச் சிக்கலைக் கையாள்கிறேன். நிகழ்ச்சி முழுவதற்கும் அடிப்படையாக ஓர் ஒலி. அதை மேலே சொன்ன முறைகளில் கவனமாக அமைத்துவிடுவேன். மற்ற ஒலிகள் எல்லாம் அதிலிருந்து மூன்று, நான்கு அசைவுகளுக்கு மேல் தள்ளிப் போகாதவை. அந்த அசைவுகளில் முடிந்தவரை சுவிட்சுகளையும், குமிழின் இரு எல்லைகளையும் பயன்படுத்துவேன். சுவிட்ச் பிழையாக நிற்காது. குமிழை இறுதி வரை திருப்புவதற்குக் கண்ணும் தேவையில்லை. இரண்டாம் ஆசிலேட்டரை அணை, ஸ்தாயிச் சுவிட்சை ஒன்று இறக்கு, என்வலப் அளவைச் சுழியமாக்கு: இவ்வளவில் ஒரு தனிக்குரல் பேஸாக மாறிவிடும்.

நடுநிலையில் நிற்க வேண்டிய குமிழ் எப்படியும் ஒன்றிரண்டு இருக்கும், பெரும்பாலும் கட்டாஃப்தான். அதற்கு முகப்பலகையில் மெழுகுப் பென்சிலால் சிறு கோடுகள் இடுகிறேன். பாடலுக்கு ஒரு நிறம். ஒட்டும் நாடாவை நீண்ட நாள் விட்டுவைத்தால் பசை இறுகி அச்செழுத்துகளைப் பெயர்த்துவிடக்கூடும். பழைய கருவிகளில் அந்த எழுத்துகளைத் திரும்பப் பெற முடியாது. ஸ்லைடர்கள் உள்ள கருவிகளுக்கு, ஒளி ஊடுருவும் தாளில் பிளவுகளை வெட்டி முகப்பலகையின் மேல் விரிப்பது நன்றாக வேலை செய்கிறது. சுழலும் குமிழைவிட ஸ்லைடரின் நிலையைக் கண் துல்லியமாகப் படிக்கும் என்பதால் அவற்றில் பேட்ச் தாளும் அதிக நம்பகமானது.

சுருதியைத் தொடவே கூடாது என்பது என் கடுமையான விதி. மேடையில் ஆசிலேட்டரின் நுண்சுருதிக் குமிழைத் திருப்ப வேண்டியிருக்கும் ஒலியை நான் நிகழ்ச்சிக்கே எடுத்துப்போவதில்லை.

வெண்குமிழ்

எல்லோரும் சொன்னதைச் சேர்த்து ஒரு பேஸ் ஒலிக்கு முழுக்குறிப்பு எழுதிப் பார்த்தேன். வரிசையில் ஏதேனும் குறை இருந்தால் சொல்லுங்கள்.

கருவி சூடேறியபின் ஒட்டுமொத்தச் சுருதியைச் சரிசெய்க. ஃபில்டர் முழுவதும் திறப்பு, ரெசொனன்ஸ் சுழியம், இரு என்வலப்களிலும் சஸ்டெய்ன் உச்சம். முதல் ஆசிலேட்டர் ரம்ப அலை. இரண்டாவது அதே ஸ்தாயியில் ரம்ப அலை, 110 ஹெர்ட்ஸ் விசையில் பத்து விநாடிக்கு ஆறு விம்மல்கள், மேல்நோக்கி. மூன்றாவது ஒரு ஸ்தாயி கீழே சதுர அலை, விம்மல் இல்லாமல். மிக்ஸரில் மூன்றும் ஏழில். விசையைப் பின்தொடரும் சுவிட்சுகள் அணைவு. கட்டாஃப் 165 ஹெர்ட்ஸ். ரெசொனன்ஸ், தானாக ஒலிக்கும் எல்லைக்குக் கீழே நான்கு பிரிவுகள். என்வலப் அளவு இரண்டரை ஸ்தாயி. ஃபில்டர் என்வலப்பில் அட்டாக் குறைந்தபட்சம், பாதியளவு இறங்க 180 மில்லிவிநாடி, சஸ்டெய்ன் சுழியம். ஒலியளவு என்வலப்பில் சஸ்டெய்ன் உச்சம். டிக்கே சுவிட்ச் அணைவு, கிளைடு அணைவு, அசைவுச் சக்கரம் அடியில். பின்புறம் கேபிள் இல்லை.

தாழ்வடிகட்டி

நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தங்கள் சொல்கிறேன். கட்டாஃபைப் படிக்கும் முன் என்வலப் அளவு சுழியம் என்று தனியாக எழுதுங்கள். அடுத்தவர் கையில் குறிப்பு போகும்போது அந்த ஒரு வரி இல்லாவிட்டால் 165 என்ற எண் எதையும் குறிக்காது. மூன்றாவது ஆசிலேட்டரைச் சுருதி சேர்க்கும்போது ரம்ப அலையில் வைத்து, விம்மல் நின்றபின் சதுர அலைக்கு மாற்றுக என்றும் சேர்த்துவிடுங்கள். மூன்றலை நண்பர் முன்பே அதன் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்.

கம்பிவலை

மூன்றாவதாக ஒன்று. ஒலியளவு என்வலப்பின் டிக்கே நேரத்தைக் குறிப்பில் விட்டுவிட்டீர்கள். சஸ்டெய்ன் உச்சத்தில் இருப்பதாலும் டிக்கே சுவிட்ச் அணைந்திருப்பதாலும் இந்த ஒலியில் அக்குமிழுக்கு வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் அச்சுவிட்சை நிகழ்ச்சியின் நடுவில் மேடைவிசை சொன்ன வகையில் ஓர் அசைவாகப் பயன்படுத்தினால், அந்த நொடியில் அது ரிலீஸ் நேரமாக மாறிவிடும். இப்போது ஒலிக்காத குமிழ்களையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள்.